ஐப்பசியில் ஒட்டிய மூங்கில் பங்குனியில் ஏன் இடைவெளி விடுகிறது?

#1 வைகைக்கரை

மதுரைப் பக்கம் மூங்கில் வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

முதலாவது, சுவரில் மாட்டும் பலகை. 20 மி.மீ. அகலத்தில் 30 பிளாச்சு (பிளந்த மூங்கில் பட்டை), பக்கத்தோடு பக்கம் நெருக்கி, பின்னால் 6 மி.மீ. பிளைவுட், முழு அகலத்துக்கும் ஃபெவிகால். ஒட்டியது ஐப்பசி மழையில். இப்போது பங்குனி. பிளாச்சுகளுக்கு நடுவே பிளைவுட் தெரிகிறது, இரண்டு பிளாச்சு நெடுகக் கீறிவிட்டது.

இரண்டாவது, பின்னல் விளக்குக் கூடு. வைகாசியில் கட்டியது. கார்த்திகையில் வளையம் கோணிக்கொண்டது, உள்பக்கம் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருந்தது.

பலகைக்குக் கல் மூங்கில், கூட்டுக்கு முள் மூங்கில். கடையில் இரண்டையும் "நல்லா காஞ்சது" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இதே பலகை இனி கொடைக்கானலில் ஒரு விடுதிக்கும் சென்னையில் ஓர் ஏ.சி. அலுவலகத்துக்கும் போக வேண்டும். எவ்வளவு காயவைப்பது, அதை எப்படி அளப்பது? வார்னிஷ் அடித்தால் போதுமா?

#2 பிளாச்சுக்காரர்

தம்பி, இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றுதான். வேலை செய்த நாளில் மூங்கிலில் இருந்த ஈரம் வேறு, அது இருக்கப்போகிற இடத்தின் ஈரம் வேறு.

வெட்டி எத்தனை வருடமானாலும் மூங்கில் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதம் ஒரு நிலையில் நின்றால் மூங்கிலும் அதற்கேற்ற ஓர் அளவில் வந்து நிற்கும். 30 டிகிரி வெப்பத்தில் கணக்கு ஏறக்குறைய இப்படி: காற்றில் 40 சதவீதம் என்றால் மூங்கிலில் ஏழரை, 50-க்கு 9, 60-க்குப் பத்தரை, 70-க்கு 13, 80-க்கு 16, 90-க்கு 20. இது மரத்துக்கான அட்டவணை. மூங்கில் இதிலிருந்து கொஞ்சம் முன்பின் இருக்கும், ஆனால் பட்டறைக் கணக்குக்கு இது போதும். 70-ஐத் தாண்டியதும் ஏற்றம் எப்படி வேகமெடுக்கிறது பாருங்கள். 40-லிருந்து 60-க்கு ஏறினால் மூங்கிலில் 3 சதவீதம்தான் கூடுகிறது, 70-லிருந்து 90-க்கு ஏறினால் 7. அடைமழை நாட்கள்தான் நம்மைக் கெடுப்பது.

நம்ம ஊரில் சித்திரை, வைகாசி மத்தியானம் 40-ஐ ஒட்டி இறங்கும், விடிகாலையில் 70 வரை ஏறும். மெல்லிய சிம்பு (பின்னலுக்குச் சீவிய இழை) இந்த ஏற்ற இறக்கத்தைச் சில மணி நேரத்தில் பிடித்துவிடும். 5, 6 மி.மீ. பிளாச்சு பல நாள் சராசரிக்குத்தான் அசையும். சராசரி 55 என்று வைத்தால் மூங்கில் 9, 10-ல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நாள் முழுக்க 80-க்கு மேலேயே இருப்பதால் 16, 17-க்குப் போய்விடும். கோடைக்கும் மழைக்கும் நடுவே 7 சதவீத வித்தியாசம்.

இனி சுருக்கம். நீளவாக்கில் மூங்கில் அநேகமாக அசையாது, பச்சையிலிருந்து முழுக்கக் காய்ந்தாலும் அரை சதவீதத்துக்குள்தான். அகலத்திலும் கனத்திலும்தான் விளையாடும். கணக்குக்கு, மூங்கிலின் ஈரம் ஒரு சதவீதம் மாறினால் அகலம் கால் சதவீதம் மாறும் என்று வையுங்கள். 7 சதவீதம் காய்ந்தால் 1.75 சதவீதம் சுருங்கும். 20 மி.மீ. பிளாச்சில் அது 0.35 மி.மீ. முப்பது பிளாச்சுக்குச் சேர்த்துப் பத்தரை மி.மீ. உங்கள் பலகையில் தெரிகிற இடைவெளியை எல்லாம் கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கும்.

கீறியதற்குக் காரணம் பிளைவுட். அது குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியது, அகலத்தில் அவ்வளவாக அசையாது. முழு அகலமும் பசை போட்டுவிட்டதால் பிளாச்சு சுருங்க நினைக்கிறது, பிளைவுட் விடமாட்டேன் என்கிறது. மூங்கிலில் நார் எல்லாம் ஒரே திசையில் ஓடுவதால் குறுக்கே இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை, எளிதாகக் கீறும். அடுத்த தடவை பிளாச்சின் நடுமுதுகில் மட்டும் 5 மி.மீ. அகலத்துக்கு ஒரே கோடாகப் பசை விடுங்கள். இரண்டு ஓரமும் சும்மா இருக்கட்டும்.

#3 தெற்குவாசல்

இவ்வளவு கணக்கு எதற்கு? இரண்டு கை பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சு) அடித்துவிட்டால் ஈரம் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. விஷயம் முடிந்தது.

#4 மெருகுவேலை

> இரண்டு கை பி.யூ. அடித்துவிட்டால்

முடியாதுங்க. எந்தப் பூச்சும் ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. ஒரு நாள் மழைக்கு மூங்கில் அசையாமல் பார்த்துக்கொள்ளும். மூன்று வாரம் அடைமழை நின்றால் ஆவி அந்தப் படலத்தைக் கடந்து உள்ளே வந்துவிடும்.

அதைவிட, பூச்சு எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். மேல்தோலில் இயற்கையாகவே மெழுகும் சிலிக்காவும் இருக்கிறது. அந்த வழியாக ஈரம் போவது ரொம்பக் குறைவு. ஈரம் போக்குவரத்து நடப்பது வெட்டிய முனையிலும், பிளந்த ஓரத்திலும், உள்பக்கத்திலும். மூங்கிலில் நீர் ஓடும் குழல்கள் எல்லாம் நீளவாக்கில்தான் ஓடுகின்றன. மரத்தில் இருப்பதுபோல் குறுக்கே போகும் கதிர் செல்கள் இதில் கிடையாது. ஆகவே முனையை விட்டுவிட்டு முகத்துக்கு மட்டும் நான்கு கை அடிப்பது வீண். முதலில் முனை, அடுத்து உள்பக்கம், ஓரம், கடைசியில்தான் முகம். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அடிக்காத பக்கம் முதலில் ஈரம் குடித்து, பிளாச்சு குறுக்கே வளையும்.

மேல்தோலில் பூச்சு ஒட்டாது. 180 உப்புத்தாளில் பளபளப்பு போகும்வரை தேய்த்து, 240-ல் முடித்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்த பிறகே முதல் கை. அந்த முதல் கை கொஞ்சம் தண்ணியாக, தின்னர் கூட்டி இருக்கட்டும்.

மழை நாளில் அடிப்பதில் இரண்டு தொல்லை. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரும் அரக்கு பாலிஷும் வெளுத்துப்போகும். கரைப்பான் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் படிவதால் பால் நிறமாகிறது. இரண்டு பாகம் கலக்கும் பி.யூ.வில் ஹார்டனர் தண்ணீரோடு வினைபுரிந்து வாயு விடும், குமிழ் குமிழாக நிற்கும். காற்றின் ஈரப்பதம் 70-க்குக் கீழே இருக்கும் நேரம் பார்த்து அடியுங்கள். ஐப்பசியில் அப்படி ஒரு நேரம் கிடைத்தால் அது பிற்பகல்தான்.

ஈரம் 15-க்கு மேல் இருக்கும் மூங்கிலுக்குப் பூச்சு அடிக்கவே கூடாது. கோடையில் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறப் பார்க்கும், மூங்கில் சுருங்கும், படலம் கணுவை ஒட்டி உரிய ஆரம்பிக்கும்.

தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். அது காயாத எண்ணெய். தூசியைப் பிடித்துப் பிசுபிசுப்பாகவே இருக்கும். எண்ணெய்தான் வேண்டும் என்றால் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், மெல்லியதாக, ஒவ்வொரு கைக்கும் நன்றாகத் துடைத்து. அந்தத் துணியைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் போடுங்கள்.

#5 தராசுத்தட்டு

ஈரத்தை அளப்பது பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. நிறம் பச்சையிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது என்பதை வைத்துத்தான் கடையில் "காஞ்சது" என்கிறார்கள். நிறம் மாறியபோதும் கணுவை ஒட்டிய இடத்தில் 20 சதவீதத்துக்கு மேல் இருக்க முடியும்.

சரியான முறை அடுப்பில் உலர்த்தி எடை பார்ப்பது. கழியின் முனையிலிருந்து 30 செ.மீ. தள்ளி 25 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். முனை எப்போதும் நடுவைவிடக் காய்ந்திருக்கும், அங்கே எடுத்தால் கணக்கு பொய். வெட்டிய உடனே, பத்து நிமிடத்துக்குள், 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் நிறுக்க வேண்டும். பிறகு ஓ.டி.ஜி. அடுப்பில் 103 டிகிரி, இரண்டு டிகிரி முன்பின். அடுப்பின் திருகை நம்பாமல் உள்ளே ஒரு வெப்பமானி வையுங்கள். 24 மணி நேரம் கழித்து நிறுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி நிறுத்து, எடை மாறாமல் நின்றதும் முடிந்தது. மைக்ரோவேவில் போடாதீர்கள். நடுப்பகுதி கருகிவிடும், கருகிய எடையும் ஈரக் கணக்கில் சேர்ந்துவிடும்.

உதாரணம்: ஈரத்தோடு 18.40 கிராம், உலர்ந்தபின் 16.00. போனது 2.40. அதை 16.00-ஆல் வகுத்தால் 15 சதவீதம். 18.40-ஆல் வகுக்கக் கூடாது, அட்டவணைகள் எல்லாமே உலர் எடையை வைத்துப் போட்டவை.

தினமும் துண்டு வெட்ட வேண்டியதில்லை. அதே கழியிலிருந்து ஒரு பிளாச்சைச் சாட்சியாக ஒதுக்கி வையுங்கள். அன்று அது 46.0 கிராம் என்றால், 15 சதவீதத்தில் அதன் உலர் எடை 46.0 வகுத்தல் 1.15, அதாவது 40.0. உங்களுக்கு வேண்டியது 10 சதவீதம் என்றால் சாட்சிப் பிளாச்சு 44.0 கிராம் வரும்வரை காயவையுங்கள். எடையைப் பிளாச்சிலேயே பென்சிலால் தேதியோடு எழுதிக்கொண்டு போனால் ஒரு பட்டறைக்கு இது போதும்.

ஊசி மீட்டர் பற்றிக் கேட்பார்கள் என்பதால்: அது மரத்துக்கு அளவு வைத்தது. மேல்தோலில் குத்தினால் குறைத்துக் காட்டும். உள்பக்கத்தில் குத்துங்கள். வண்டுக்காக வெங்காரம் (போராக்ஸ்) போட்ட மூங்கிலில் உப்பு இருப்பதால் கூட்டிக் காட்டும். ஒரு கட்டுக்குள் எது ஈரம், எது காய்ந்தது என்று ஒப்பிட நல்லது, நிஜ அளவுக்கு வேண்டாம்.

#6 வைகைக்கரை

பிளாச்சுக்காரர் அண்ணே, இடைவெளிகளைக் கூட்டினால் 9 மி.மீ. வருகிறது. கீறிய இரண்டையும் சேர்த்தால் உங்கள் கணக்குதான்.

அப்படியானால் கொடைக்கானலுக்கும் சென்னைக்கும் வேறு வேறு ஈரத்தில் செய்ய வேண்டுமா? மழைக்காலத்தில் 10 சதவீதத்துக்கு எப்படிக் கொண்டுவருவது?

#7 பிளாச்சுக்காரர்

வேறு வேறாகத்தான் செய்ய வேண்டும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், மூடுபனி, குளிர். ஈரப்பதம் 80-க்கு மேல் நிற்கிற மாதங்கள் அதிகம், மூங்கில் 16, 17-ல் போய் நிற்கும். மதுரையில் பங்குனி வெயிலில் 9 சதவீதத்தில் பிளாச்சை இறுக்கி ஒட்டி மலைக்கு அனுப்பினால் 8 சதவீதம் ஏறும். 20 மி.மீ. பிளாச்சு 0.4 மி.மீ. விரியும், முப்பதுக்கு 12 மி.மீ. போக இடம் இல்லாமல் பலகை நடுவில் உப்பி எழும்பும். பசை விடும், இல்லையென்றால் பிளைவுட் வளையும். ஆகவே மலைக்குப் போகிற பலகையை 13 அளவில் வைத்து, பிளாச்சுக்கு நடுவே 0.3 மி.மீ. விடுங்கள். கெட்டி அட்டைத் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டிவிட்டு உருவிக்கொள்ளலாம். அங்கே குளிருக்கு ஹீட்டர் போடுகிற அறையாக இருந்தால் நிலைமை மாறும், விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்னை அலுவலகம் தந்திரமானது. பகலில் ஏ.சி. 50 சதவீதம், ராத்திரியும் ஞாயிறும் ஏ.சி. நின்றதும் கடல் காற்று 75, 80. கனமான பிளாச்சு இந்த இரண்டுக்கும் நடுவே 10, 11-ல் நிற்கும். 10-ல் ஒட்டுங்கள். ஏ.சி. காற்று நேராக அடிக்கும் சுவரில் மாட்டாதீர்கள்.

மழைக்காலத்தில் காயவைக்க ஒரு பெட்டி வேண்டும். இங்கே பலர் பெரிய விசிறியை மட்டும் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். 85 சதவீத ஈரக் காற்றை எவ்வளவு வேகமாக வீசினாலும் மூங்கில் 17-க்குக் கீழே இறங்காது. காற்றைக் கொஞ்சம் சூடாக்க வேண்டும், அதுதான் சூத்திரம். 26 டிகிரியில் 85 சதவீதம் இருக்கும் காற்றை, வேறு ஈரம் சேர்க்காமல் 32 டிகிரிக்கு ஏற்றினால் ஈரப்பதம் 60 ஆகிறது. 36-க்கு ஏற்றினால் 48. ஈரம் எங்கும் போகவில்லை, சூடான காற்றுக்குக் கொள்ளளவு கூடிவிட்டது. 32-ல் வைத்தால் மூங்கில் பத்தரைக்கு வரும், 36-ல் வைத்தால் எட்டரைக்கு வரும்.

பெட்டி: பழைய பிளைவுட்டில் 2 மீட்டர் உயரம், 60-க்கு 60 செ.மீ. அடிப்பக்கம். அடியில் இரண்டு 60 வாட் குண்டு பல்பு, எல்.இ.டி. உதவாது, சூடு வராது. பல்பைச் சுற்றிக் கம்பி வலைக்கூண்டு, மூங்கில் அதற்கு 30 செ.மீ.க்கு மேலே. கீழே நான்கு துளை, மேலே நான்கு துளை, ஒவ்வொன்றும் 25 மி.மீ. மேலே ஒரு கம்ப்யூட்டர் விசிறி வெளியே இழுக்கும்படி. துளையை அடைத்தால் வெளியேறிய ஈரம் உள்ளேயே சுற்றிப் பெட்டி பூஞ்சைக்கூடாகிவிடும். பிளாச்சை நிறுத்தி வையுங்கள், படுக்கப்போட்டால் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கம் காயாது. 40 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். அவசரப்பட்டால் முனை முதலில் சுருங்கிக் கீறும். முனை இரண்டிலும் மெழுகோ பழைய பெயிண்டோ தொட்டு வைத்தால் அந்தக் கீறல் வராது.

#8 சொளகுக்கட்டு

பின்னல் வேலையில் கணக்கு கொஞ்சம் மாறும். பலகையில் சொன்னதை அப்படியே கூட்டுக்குப் பொருத்த முடியாது.

சிம்பு காய்ந்திருந்தால் வளையாது, ஒடியும். ஈரமாகத்தான் பின்ன வேண்டும். ஆகவே ஈரத்தில் பின்னுங்கள், ஆனால் விளிம்பு கட்டாதீர்கள். பின்னி முடித்ததை ஐந்தாறு நாள் நிழலில் காயவிட்டு, தளர்ந்த பின்னலை மரக்கட்டையால் தட்டிக் கீழே நெருக்கி, மேலே கிடைக்கும் இடத்தில் இன்னும் இரண்டு மூன்று சுற்று ஏற்றி, அதன்பிறகு விளிம்பு. பஞ்சாரத்துக்கும் கூடைக்கும் இது பழைய பழக்கம்தான். கடைக்கு அவசரமாகச் செய்கிற சரக்கில்தான் இந்தப் படி விட்டுப்போகிறது, ஒரு மாதத்தில் விளிம்பு ஆட ஆரம்பிக்கிறது.

வைகைக்கரை சொன்ன வளையம் கோணியதற்கு வேறு காரணம். ஊறவைத்து வளைத்து, கட்டிக் காயவைத்த வளையம் மழையில் ஈரம் ஏறியதும் பழைய நேர்நிலைக்குப் போகப் பார்க்கும். சூட்டில் வளைத்த வளையம் அவ்வளவு மாறாது. பிளாச்சை ஈரத்தோடு தணலுக்கு மேல் ஓரிடத்தில் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே சூடாக்குங்கள். தோல் பக்கம் எண்ணெய்போலப் பளபளப்பு வியர்க்கும். அப்போது அச்சில் வைத்து வளைத்து, முழுக்க ஆறும்வரை கிளாம்பை எடுக்காதீர்கள். கை பொறுக்கிற சூட்டில் எடுத்தால்கூடக் கொஞ்சம் விரிந்துவிடும். வளையத்தின் இரண்டு முனையையும் 8 செ.மீ. சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து நூலால் கட்டுங்கள். வெறும் பசை மட்டும் என்றால் மழையில் வழுக்கும். சாதா வெள்ளைப் பசை ஈரத்தில் இளகும், ஃபெவிகால் மரைன் மாதிரி தண்ணீர் தாங்குவது வாங்குங்கள்.

கணுவை வளைவில் வைக்காதீர்கள். கணுவில் நார் கோணல்மாணலாக ஓடுகிறது, அங்கே ஒடியும்.

#9 உளுத்தமூங்கில்

அந்தக் கறுப்புப் பூஞ்சையைப் பற்றி. மேற்பரப்பில் காற்றின் ஈரப்பதம் 75, 80-க்கு மேல் சில நாள் நின்றால் பூஞ்சை வரும். விளக்குக் கூட்டுக்கு உள்பக்கம் காற்றோட்டம் கிடையாது. அங்கே தோல் நீக்கிய வெள்ளைச் சதை வேறு, மாவுச்சத்து நிறைய. தோல் பக்கத்தில் வராமல் உள்பக்கத்தில் மட்டும் வந்ததற்கு அதுதான் காரணம்.

வந்ததை எடுக்க: வெளியில் வைத்து, மூக்கைக் கட்டிக்கொண்டு, காய்ந்த பிரஷால் தட்டுங்கள். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். ஒரு மணி நேரம் வெயில். பொடிப்பூஞ்சை போய்விடும். நார்க்குள் இறங்கிய கறுப்புக் கறை போகாது.

வராமல் இருக்க வேண்டுமென்றால் மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும். வாங்கும்போதே பார்க்கலாம். மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடின் ஒரு சொட்டு, புதிதாக வெட்டிய முகத்தில் விடுங்கள். கருநீலம் ஆனால் மாவுச்சத்து நிறைய, பழுப்பாகவே நின்றால் பரவாயில்லை. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று சொல்வார்கள். பிறையைப் பார்ப்பதைவிட இந்த ஒரு சொட்டை நம்புங்கள். வயதும் பாருங்கள், மூன்று வருடம் தாண்டிய கழியாக இருக்க வேண்டும். தோலில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் இளசு. அது காயும்போது அதிகமாகச் சுருங்கும், சில சமயம் தோல் மடிந்து உள்வாங்கும்.

சிம்பையும் மெல்லிய பிளாச்சையும் ஒரு மணி நேரம் கொதிக்கவையுங்கள், தண்ணீர் மஞ்சளாகும். கொட்டிவிட்டு உடனே வெயிலில் விரியுங்கள். கழியாக இருந்தால் ஓடும் தண்ணீரில் ஒரு மாதத்துக்கு மேல் போட வேண்டும். கண்மாயில் நிற்கும் தண்ணீரில் போட்டால் மாவுச்சத்து குறையும், ஆனால் நாற்றமும் கறுப்புக் கறையும் சேர்ந்து வரும்.

வண்டுக்கு வேறு வைத்தியம். நன்றாகக் காய்ந்த மூங்கிலையும் துளைவண்டு விடாது, 10 சதவீதத்திலும் மாவு கொட்டும். 10 லிட்டர் வெந்நீரில் வெங்காரம் 300 கிராம், போரிக் அமிலம் 200 கிராம், ஆக 5 சதவீதக் கரைசல். பிளந்த பிளாச்சு ஒரு நாள் முழுக ஊற வேண்டும். மேலே கல் வையுங்கள், மிதக்கும். கழியாகப் போட்டால் உள்ளே உள்ள கணுத்தடுப்பை எல்லாம் நீளக் கம்பியால் குத்தி உடைத்துவிட்டு ஒரு வாரம். கையுறை போடுங்கள், மிச்சக் கரைசலைச் செடிக்கும் கிணற்றுப் பக்கமும் ஊற்றாதீர்கள். இது வண்டுக்கும் மட்கும் காளானுக்கும் கேட்கும், மேற்பரப்புப் பூஞ்சைக்கு அவ்வளவாகக் கேட்காது. அதற்கு நன்றாகக் காயவைப்பதும் காற்றோட்டமும்தான். வெளியில் மழையில் நனையும் பொருளுக்கும் பயனில்லை, கரைந்து போய்விடும்.

சொளகு (முறம்), சாப்பாட்டுத் தட்டு, பழக்கூடை எதற்கும் வெங்காரம் தொடவே கூடாது. அவற்றுக்கு வேகவைப்பதும் அடுப்புப் புகையும் மட்டுமே.

#10 சொளகுக்கட்டு

> சொளகு... வெங்காரம் தொடவே கூடாது

ரொம்பச் சரி. புதுச் சொளகுக்கு வெந்தயத்தோடு காகிதக்கூழ் அரைத்துப் பூசுவார்கள் இல்லையா, அதையும் மழைக்காலத்தில் செய்யாதீர்கள். வெந்தயப் பசை ஒரு நாளில் காயவில்லை என்றால் அதிலேயே பூஞ்சை பிடித்து மணம் மாறிவிடும். மாசி, பங்குனி வெயில்தான் தோது. மெல்லியதாக ஒரு கை, காய்ந்ததும் மறுகை.

#11 தெற்குவாசல்

பூச்சு பற்றிச் சொன்னது புரிகிறது மெருகுவேலை அண்ணே. ஒரு சந்தேகம். பிளக்காத முழுக் கழியில் பேனா ஸ்டாண்டும் விளக்கும் செய்து விற்கிறார்கள். அதில் ஒரே ஒரு கீறல் மேலிருந்து கீழே நேராக விழுகிறது. இதுவும் ஈரமா?

#12 பிளாச்சுக்காரர்

அதுவும் ஈரம்தான். மூங்கிலின் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிடக் குறுக்கே அதிகமாகச் சுருங்கும், நார் அங்கேதான் அடர்த்தி. வட்டமாக மூடியிருக்கும் கழியில் தோல் இழுபட்டு, இழுப்பு தாங்காத ஒரு கோட்டில் வெடிக்கும். நடுவே கணுத்தடுப்பு இருந்தால் அது வட்டத்தைச் சுருங்க விடாமல் பிடித்துக்கொள்ளும், அந்தக் கணுவிலிருந்தே கீறல் புறப்படும். மரத்தைப் போலவும் இல்லை இது: மரம் 30 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் சுருங்க ஆரம்பிக்கும், மூங்கில் பச்சையிலிருந்து முதல் சொட்டு போனதுமே சுருங்கத் தொடங்கிவிடும். அதனால் பச்சைக் கழியை ஒருபோதும் வெயிலில் போடாதீர்கள். நிழலில், சுவரில் சாய்த்து நிறுத்தி, கீழே செங்கல் வைத்து, இரண்டு மூன்று மாதம். பிளந்ததை மட்டும் வெயிலில் போடலாம். ஆடிக் காற்று நேராக அடிக்கும் இடமும் முழுக் கழிக்கு ஆகாது. மழை இல்லாமல் வறட்டுக் காற்று ஒரு பக்கமாக அடிப்பதால் அந்தப் பக்கம் வெடிக்கும்.

பேனா ஸ்டாண்டுக்கு: பின்பக்கம் தெரியாத இடத்தில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய ரம்பத்தால் ஒரு கோடு, கனம் முழுக்க அறுத்துவிடுங்கள். சுருக்கம் அந்த ஒரு வெட்டைத் திறந்து மூடும், முகம் தப்பிக்கும். தண்ணீர் ஊற்றும் குவளைக்கு இது ஆகாது. அடிக் கணுவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் குடைந்து எடுங்கள். புல்லாங்குழலில் அறுக்க முடியாது என்பதால்தான் நூலால் இறுகச் சுற்றிக் கட்டுகிறார்கள். அதை ஏ.சி. அறையில் திறந்து வைக்காமல் உறையில் வைப்பதும் இதற்காகத்தான்.

#13 வைகைக்கரை

காற்றின் ஈரப்பதம் பார்க்கச் சின்ன டிஜிட்டல் மீட்டர் இரண்டு இருக்கின்றன. ஒன்று 71, மற்றொன்று 79 காட்டுகிறது. எதை நம்ப? இன்னொன்று, இப்போது இடைவெளி விட்டிருக்கும் பலகையை மக்கு (புட்டி) வைத்து அடைத்துவிடலாமா?

#14 தராசுத்தட்டு

மீட்டருக்குக் கல்லுப்பு போதும். பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். கரைந்துவிடக் கூடாது. அதையும் இரண்டு மீட்டரையும் காற்று புகாத டப்பாவில் வைத்து மூடி, எட்டு மணி நேரம் அப்படியே விடுங்கள். உள்ளே காற்று 75 சதவீதத்தில் நிற்கும். மீட்டர் 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள், 78 காட்டினால் 3 கழியுங்கள். வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்யுங்கள், ஈர உணரி நாளாக நாளாக விலகும்.

#15 பிளாச்சுக்காரர்

மக்கு வைக்காதீர்கள் தம்பி. இப்போது பங்குனி, பிளாச்சு சுருங்குகிற அளவுக்குச் சுருங்கி நிற்கிறது. இந்த இடைவெளியை அடைத்தால் ஐப்பசியில் விரிய இடம் இருக்காது. மக்கு பிதுங்கி வெளியே வரும், இல்லையென்றால் ஓரப் பிளாச்சு பெயரும். இடைவெளி வழியாகத் தெரிகிற பிளைவுட்டை மட்டும் மெல்லிய பிரஷால் கரும்பழுப்பு ஸ்டெய்ன் தொட்டுவிடுங்கள், இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. கீறிய இரண்டையும் உளியால் நெம்பி எடுத்து, அதே கழியில் மிச்சம் இருந்தால் 10 சதவீதத்துக்குக் காயவைத்து, நடுக்கோட்டுப் பசையில் புதிதாக வையுங்கள். சாட்சிப் பிளாச்சின் எடை 10 சதவீதக் கணக்குக்கு வந்ததா என்று பார்த்துவிட்டு வையுங்கள்.